நியூ வேவ் எம்டிவியால் வளர்ந்ததா, மெஷினால் வளர்ந்ததா?

சுழல்தட்டு | 2 மார்ச், இரவு 9.10

நியூ வேவ் (எழுபதுகளின் இறுதியில் பங்க் ராக்கை ஒட்டி எழுந்த பாப் இசை) என்று பேச்செடுத்தாலே எல்லாரும் சின்தசைசர் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் வாத்தியம்), டிரம் மெஷின் என்று ஆரம்பிக்கிறார்கள். என் கட்சி வேறு. 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டு வீடியோ சேனல் தொடங்கியிராவிட்டால் இந்த இசை இங்கிலாந்தின் நாலைந்து கிளப்புகளோடு முடிந்திருக்கும். அன்று அவர்கள் முதலில் போட்டதே பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்'தான். இரண்டே வருஷத்தில், 1983 ஜூலையில், அமெரிக்க டாப் 40 பட்டியலில் 18 பாட்டு பிரிட்டிஷ்காரர்களுடையது. பீட்டில்ஸ் அலை அடித்த 1965-இல்கூட இந்த எண்ணிக்கை வரவில்லை. முகமும் முடியும் உடுப்பும்தான் முதலில் போய்ச் சேர்ந்தன, பாட்டு பின்னால் போனது. மறுப்பவர்கள் தேதியோடு மறுக்கவும்.

பதினாறாம்நோட்டு | 2 மார்ச், இரவு 10.42

தேதியோடே வருகிறேன்.

ப்ளாண்டியின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 1979 ஏப்ரல். 'பாப் மியூசிக்' முதலிடம் பிடித்தது அதே வருஷம் நவம்பர். கேரி நியூமனின் 'கார்ஸ்' 1979 செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம், 1980-இல் அமெரிக்க டாப் 10-க்குள். அதே 1980-இல் டெவோவின் 'விப் இட்' 14-ஆம் இடம். இவ்வளவும் எம்டிவிக்கு முன்பே நடந்தவை. தொடங்கிய முதல் வருஷத்தில் மன்ஹாட்டனிலேயே அந்தச் சேனல் தெரியாது, கேபிள் இணைப்பு அங்கே போய்ச் சேரவில்லை.

எம்டிவிக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் போட அவர்களிடம் பாட்டு வீடியோ போதவில்லை. பிரிட்டிஷ் குழுக்களிடம் தயாராக இருந்தது. கேபிள் வந்த ஊர்களில், உள்ளூர் ரேடியோ தொடாத குழுக்களின் ரெக்கார்டைக் கடையில் வந்து கேட்டார்கள். ஆனால் அதற்குள் அந்தச் சத்தம் பிறந்து, வளர்ந்து, பிரிட்டனில் முதலிடமும் பிடித்தாகிவிட்டது. ஏற்கெனவே எழுந்த அலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது சேனல்.

எழுந்தது ஏன் 1978-81-இல் என்பதுதான் சரியான கேள்வி. பதில் மெஷினின் விலையிலும் அளவிலும் இருக்கிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

கேசட்_பி_பக்கம் | 3 மார்ச், காலை 7.25

மெஷினுக்கு முன்னால் இடத்தைச் சொல்லுங்கள். நியூயார்க் பௌரி தெருவில் ஹில்லி கிறிஸ்டல் 1973 டிசம்பரில் சிபிஜிபி கிளப்பைத் திறந்தார். டாக்கிங் ஹெட்ஸ், ப்ளாண்டி, டெலிவிஷன் எல்லாம் அந்த மேடையில் வளர்ந்தவை. அவற்றில் சின்தசைசர் கிட்டத்தட்ட இல்லை, கிட்டாரும் பேஸும்தான். சயர் ரெக்கார்ட்ஸ் நடத்திய சீமோர் ஸ்டைன், 'பங்க்' என்றாலே ரேடியோக்காரர்கள் கதவைச் சாத்துகிறார்கள் என்பதால் 'நியூ வேவ்' என்று போட்டு விற்றார். முதல் கட்டம் இது.

இரண்டாவது கட்டம் ஷெஃபீல்டு, மான்செஸ்டர், கொவென்ட்ரி. ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊர்கள். 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 1981 ஜூலையில் நகரங்களில் கலவரம் நடந்துகொண்டிருந்தபோது பட்டியலில் முதலிடத்தில் இருந்தது தி ஸ்பெஷல்ஸின் 'கோஸ்ட் டவுன்'. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த குழு அது. அவர்களுடைய 2 டோன் லேபிளின் கறுப்பு வெள்ளைக் கட்டமே ஓர் அரசியல் அறிக்கை. இதைக் கண்மையில் அடக்கிவிட முடியாது, சுழல்தட்டு.

பதினாறாம்நோட்டு | 3 மார்ச், இரவு 11.05

சொன்னபடி, மெஷின் கணக்கு.

மினிமூக் 1970-இல் வந்தது. மூன்று ஆஸிலேட்டர் (ஒலி அலையைப் பிறப்பிக்கும் சுற்று) கொண்ட சின்தசைசர், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். 1978-இல் கேரி நியூமன் பங்க் ஆல்பம் பதிவு செய்யப் போன ஸ்டூடியோவில் யாரோ விட்டுவிட்டுப் போன மினிமூக் கிடந்தது. ஒரு கட்டையை அழுத்தினார், அடிவயிறு அதிர்ந்தது, கிட்டார் பாட்டுகளை அப்படியே சின்தசைசருக்கு மாற்றினார். அடுத்த கோடையில் 'ஆர் ஃபிரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்' பிரிட்டனில் முதலிடம்.

1978-இல் வந்த ப்ராஃபெட்-5 சின்தசைசர் ஐந்து ஸ்வரம் சேர்ந்தொலிக்கும், 40 ஒலியமைப்பை நினைவிலும் வைத்துக்கொள்ளும். அதற்கு முன் ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழ்களின் இருப்பைக் காகிதத்தில் வரைந்து வைத்து, மேடையில் இருட்டில் மீண்டும் திருப்ப வேண்டும். பாதிப் பாட்டில் ஒரு குமிழ் தவறினால் அவ்வளவுதான். அதே 1978-இல் ரோலண்ட் நிறுவனத்தின் சிஆர்-78 டிரம் மெஷின். 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' தொடக்கத்தில் டிக் டிக்கென்று கேட்கிறதே, அந்தப் பெட்டி. அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா'விலும் அதுதான்.

1980-இல் ரோஜர் லின்னின் எல்எம்-1 டிரம் மெஷின். அசல் டிரம் அடியைப் பதிந்து 8 பிட் சில்லுகளில் அடைத்த முதல் வணிகப் பெட்டி. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர், செய்ததே சுமார் 500. ஆனால் அதில் க்ராஷ், ரைடு என்ற பெரிய சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்) இரண்டும் இல்லை. நீண்டு ஒலிக்கும் சிம்பலை அடைக்க நினைவகம் போதாது. ஷெஃபீல்டின் ஹியூமன் லீக் குழுவின் 'டேர்' (1981) ஆல்பத்தைக் கேளுங்கள். தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் எல்எம்-1-ஐயும் ரோலண்ட் எம்சி-8 சீக்வென்சரையும் (ஸ்வர வரிசையை நினைவில் வைத்துச் சின்தசைசரை ஓட்டும் பெட்டி) வைத்துக் கட்டியது. சிம்பல் நிரப்ப வேண்டிய மேல் அலைவரிசை அங்கே காலி. அந்தக் காலியிடத்தில்தான் குரலும் சின்த் மெட்டும் அவ்வளவு துல்லியமாக உட்காருகின்றன. மெஷினில் இருந்த குறைதான் அந்த ஆல்பத்தின் அழகு. என் மொத்த வாதமும் இதுதான்: நியூ வேவ் கலைஞர்கள் தங்கள் மெஷின் செய்ய முடியாததை மறைக்கவில்லை, அதைச் சுற்றியே பாட்டைக் கட்டினார்கள்.

இன்னொன்று. எம்சி-8-இல் வாசிக்க முடியாது. சுருதி, அடியின் நீளம், ஒலிக்கும் நேரம் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எண்ணாகத் தட்ட வேண்டும். ஒரு பாட்டின் பேஸ் வரிக்கே பல மணி நேரம் ஆகும். "பட்டனை அழுத்தினால் பாட்டு வந்துவிடும்" என்று அன்று திட்டியவர்கள் அந்த வேலையைப் பார்க்காதவர்கள்.

கேசட்_பி_பக்கம் | 4 மார்ச், காலை 6.50

திட்டினது மட்டுமில்லை. 1982 மே மாதம் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானமே போட்டது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் வயிற்றுப்பாடு அதில் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தடை நடப்புக்கு வரவில்லை.

கொழும்புத்துறை | 5 மார்ச், மாலை 6.18

சுழல்தட்டு சொன்னதிலயும் பாதி உண்மை இருக்குது. டுரான் டுரானின்ர 'ஹங்ரி லைக் த வுல்ஃப்' 1982-இல அமெரிக்காவில முதல் விட்டபோது எடுபடேல்லை. எம்டிவி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் 1983-இல 3-ஆம் இடம் வந்தது.

அந்தப் படம் எடுத்த இடம் இலங்கை. 1982-இல ரசல் மல்காஹி இயக்கத்தில அங்க வந்து எடுத்தவை. 'சேவ் எ பிரேயர்' எடுத்ததும் அந்தப் பயணத்திலதான், சிகிரியா மலையும் பொலன்னறுவைச் சிலையளும் அதில வருது. இதே மல்காஹிதான் பகிள்ஸின்ர அந்த முதல் வீடியோவையும் எடுத்தவர்.

படம் வடிவு. ஆனா எனக்கு அது உறுத்தும். சந்தை, யானை, கடற்கரை எல்லாம் இருக்கு, அங்க வாழுற சனத்தின்ர வாழ்க்கை ஒண்டுமில்லை. அமெரிக்காவில அந்தப் பாட்டு ஏறின அதே 1983-இன்ர ஜூலையில அந்த நாட்டில என்ன நடந்தது எண்டு இஞ்ச எழுதத் தேவையில்லை. நியூ வேவின்ர காட்சிப் பண்பாடு பற்றிக் கதைக்கேக்க இதையும் சேர்த்துத்தான் கதைக்க வேணும்.

சுழல்தட்டு | 5 மார்ச், இரவு 8.30

வுல்ஃப் பாட்டை என் பக்கம் எடுத்துத் தந்ததற்கு நன்றி அண்ணா. எம்டிவி "பிறப்பித்தது" என்பதைவிட "பெருக்கியது" என்று வைத்துக்கொள்ளலாம், 1979-இன் தேதிகளுக்கு எதிராக நிற்க முடியாது. இலங்கைப் படங்களை இப்படி நான் பார்த்ததில்லை. இன்று மீண்டும் பார்க்கிறேன்.

மோனோ | 7 மார்ச், பகல் 1.15

விவாதத்துக்கு நடுவில் ஒரு நடைமுறைக் கேள்வி. கணினியில் எல்எம்-1 சாம்பிள் (பதிந்த அடிகள்), சின்த் பிளகின் (மென்பொருள் வாத்தியம்) எல்லாம் இருக்கிறது. போட்டால் 1981 மாதிரி ஒலிக்காமல் விளம்பரப் பாட்டு மாதிரி ஒலிக்கிறது. 8 பிட் க்ரஷர் (பழைய சில்லுபோல ஒலியைக் கரடாக்கும் பிளகின்) போட்டால் ஒரே சரசரப்பு. ஸ்னேர் டிரம்மில் கேட்டட் ரிவர்ப் (அறையின் எதிரொலியைச் சட்டென்று வெட்டி நிறுத்தும் முறை) போட்டாலும் துண்டு துண்டாக வெட்டுகிறது. எங்கே தவறு?

பதினாறாம்நோட்டு | 7 மார்ச், இரவு 11.50

மூன்று தனித்தனிச் சிக்கல்.

சரசரப்பு. எல்எம்-1-இன் 8 பிட் நேர்கோட்டு 8 பிட் இல்லை. சின்ன ஒலிக்கு நெருக்கமான படி, பெரிய ஒலிக்கு அகலமான படி என்று சுருக்கி விரிக்கும் முறை, தொலைபேசி இணைப்பகங்களில் இருந்ததுபோல. அதனால் அடி தேய்ந்து மறையும் வால் பகுதியில் சத்தம் குறைவு. சாதாரண க்ரஷர் எல்லாப் படியையும் சமமாக வெட்டுவதால் வால்தான் முதலில் கெடும். இப்படிச் சுருக்கி விரிக்கும் 'மியூ லா' வசதி உள்ள பிளகின் போடுங்கள். இல்லாவிட்டால் 12 பிட்டில் நிறுத்தி, சாம்பிள் ரேட்டை மட்டும் 28 கிலோஹெர்ட்ஸ் அருகே இறக்குங்கள். வரிசை முக்கியம்: முதலில் சுருதியை மாற்றுங்கள், பிறகு க்ரஷர், அதன் பிறகுதான் ஈக்யூ.

சுருதி மாற்றுவதையும் சும்மா விடாதீர்கள். எல்எம்-1-இல் ஒவ்வொரு டிரம்முக்கும் தனிச் சுருதிக் குமிழ் உண்டு. ஸ்னேரைப் பாட்டின் ஆதார ஸ்வரத்துக்கோ அதன் பஞ்சமத்துக்கோ பக்கத்தில் கொண்டுவந்தால் மெட்டோடு ஒட்டும். நீளம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றும் நவீன முறை வேண்டாம். பழைய பெட்டியில் சுருதி இறங்கினால் அடியும் நீளும், அந்தக் கனம் அப்படித்தான் வரும்.

விளம்பரப் பாட்டு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பேஸ். ஒரே ஆஸிலேட்டர், ஸா அலை, மோனோ. 24 டெசிபல் லோ பாஸ் ஃபில்டரை 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, என்வலப்பில் (ஒலி எழுந்து தேயும் வடிவம்) அட்டாக் பூஜ்யம், டிகே 200 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் பூஜ்யம். எட்டாம் நோட்டுகளில் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று மாறி மாறி. வெலாசிட்டி எல்லாம் ஒரே அளவு. மனித வாசிப்பு போல ஏற்ற இறக்கம் கொடுத்தீர்களானால் 1981 போய்விடும். ஸ்விங் (அடிகளைச் சற்றுத் தள்ளி ஆட விடுவது) வேண்டாம். ஸ்விங் வசதியைப் புகுத்தியதே எல்எம்-1 என்றாலும் இந்த வகைப் பாட்டில் நேரடி தாளம்தான்.

கேட்டட் ரிவர்ப். ஸ்னேரிலிருந்து ஒரு சென்ட் (தனிக் கிளை) எடுத்து 2 செகண்ட் நீளமுள்ள ரூம் ரிவர்ப்புக்கு அனுப்புங்கள், நூறு சதம் வெட் (எதிரொலி மட்டும்). அதன் பின்னால் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி), விகிதம் 8:1 அல்லது கூட, நன்றாக நசுங்கட்டும். அதற்கும் பின்னால் கேட் (ஒலி ஓர் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும் கருவி). கேட்டைத் திறக்கும் சைட்செயினுக்கு ரிவர்ப் ஒலியைக் கொடுக்காதீர்கள், ரிவர்ப் படாத மூல ஸ்னேரைக் கொடுங்கள். உங்களுக்குத் துண்டு துண்டாக வெட்டுவது இதனால்தான்: ரிவர்ப்பின் வால் எல்லைக்கோட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கேட் திறந்து மூடுகிறது. அட்டாக் மிகக் குறைவு, ஹோல்டு 180 முதல் 220, ரிலீஸ் 20 மில்லிசெகண்ட். 120 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 120 அடி) எட்டாம் நோட்டு 250 மில்லிசெகண்ட், ஹோல்டு அதைத் தாண்டினால் அடுத்த ஹைஹாட்டின் மேல் ஏறி உட்காரும்.

கேசட்_பி_பக்கம் | 8 மார்ச், காலை 7.02

செய்முறை சரி, காலத்தைக் கவனியுங்கள். கேட்டட் ஸ்னேர் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காகப் பிறந்தது. ஃபில் காலின்ஸ் டிரம்ஸ், ஹியூ பாட்ஜம் இன்ஜினியர், பேசுவதற்காக வைத்திருந்த மைக்கின் கம்ப்ரஸர் வழியாக வந்த சத்தம். எல்லார் ஸ்னேரிலும் அது ஏறியது எண்பதுகளின் நடுவில். 1979, 80 நியூ வேவின் டிரம்ஸ் வறண்டு இருக்கும், பக்கத்து அறையில் அடிப்பதுபோல் இல்லாமல் காதோரம் அடிப்பதுபோல். மோனோவுக்கு 1981 வேண்டுமென்றால் ரிவர்ப்பை முழுக்க எடுத்துவிட்டே தொடங்கலாம்.

பதினாறாம்நோட்டு | 8 மார்ச், இரவு 10.20

ஆமாம், அதுதான் நல்ல வழி. முதலில் வறட்சியாகவே கலந்து பாருங்கள்.

அசல் மெஷின்களைச் சேர்த்து ஓட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1983-க்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கடிகாரம், அதாவது மெஷின்களைத் தாளத்தில் சேர்த்து ஓட்டும் துடிப்பு. கால் நோட்டுக்கு ரோலண்ட் 24 துடிப்பு, லின் 48, ஓபர்ஹைம் 96. லின்னின் கடிகாரத்தை ரோலண்டில் செருகினால் சீக்வென்சர் இரட்டை வேகத்தில் ஓடும், ஓபர்ஹைமுடையதைச் செருகினால் நான்கு மடங்கு. நடுவில் வகுத்துத் தரும் பெட்டி வேண்டும். ரோலண்டின் இந்தத் துடிப்பு ஓடும் சிங்க் பிளக்கும், மிடி (வாத்தியங்களை இணைக்கும் பிந்தைய பொதுமுறை) பிளக்கும் பார்க்க ஒன்றுதான், இரண்டும் ஐந்து முள். ஆனால் சிங்க் ஓடுவது 1, 3 முட்களில் வோல்ட்டேஜ் துடிப்பாக. மிடி ஓடுவது 4, 5 முட்களில் தரவாக. கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஒன்றும் நடக்காது. மெஷின் பழுது என்று பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் பாருங்கள்.

டேப்பில் பதியும்போது சிங்க் தொனியை ஓரத்து டிராக்கில் வைப்பார்கள், 24 டிராக் என்றால் 24-ஆவது. 23-ஆவதைக் காலியாக விடுவார்கள். விடாவிட்டால் சிங்க்கின் கீச்சொலி பக்கத்து டிராக்கில் கசியும், பக்கத்து ஸ்னேர் சிங்க்குக்குள் கசிந்து தாளமும் தடுமாறும்.

1983 ஜனவரியில் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். ப்ராஃபெட் செய்த டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய மிடி. செகண்டுக்கு 31,250 பிட். நாற்பது வருஷம் தாண்டியும் அதே ஐந்து முள் ஓடுகிறது.

சுழல்தட்டு | 10 மார்ச், இரவு 9.45

இவ்வளவு தூரம் வந்துவிட்டு மான்செஸ்டரின் நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே'வைப் பேசாமல் விட முடியாது. 12 அங்குல சிங்கிள்களில் எல்லாக் காலத்துக்கும் அதிகம் விற்றது. உறை வெட்டும் செலவில் ஒவ்வொரு பிரதிக்கும் லேபிளுக்கு நஷ்டம் என்பார்கள்.

கேசட்_பி_பக்கம் | 11 மார்ச், காலை 7.10

நஷ்டக் கணக்கு சொல்பவருக்குச் சொல்பவர் மாறும், அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். உறை மட்டும் நிச்சயம்: பீட்டர் சாவில், ஃப்ளாப்பி டிஸ்க் வடிவம், முன்பக்கம் குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள். அதைப் படிக்கும் வண்ணச் சக்கரம் அதே வருஷ ஆல்பத்தின் பின்னுறையில். வாங்குபவரை அவ்வளவு நம்பிய வடிவமைப்பு.

பதினாறாம்நோட்டு | 11 மார்ச், இரவு 10.55

1983 மார்ச், ஏழரை நிமிஷம், 130 பிபிஎம். டிரம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ். சீக்வென்சர், குழுவின் பெர்னார்ட் சம்னர் உதிரிப் பாகங்களை வாங்கித் தானே சால்டர் வைத்துக் கட்டிய பவர்ட்ரான். கில்லியன் கில்பர்ட் மொத்த வரிசையையும் நீளத் தாளில் எழுதி வைத்து உள்ளிட்டபோது ஒரு ஸ்வரம் விடுபட்டது. மெட்டு தாளத்திலிருந்து சற்று விலகியே ஓடுகிறது, திருத்தாமல் விட்டார்கள். கிரிட்டில் எல்லாம் சரியாக உட்கார்ந்த நகல் பதிப்புகள் ஏன் சப்பென்று இருக்கின்றன என்பதற்குக் காரணம் இது.

பீட்டர் ஹூக் பேஸைக் கழுத்தின் மேல் பகுதியில் மெட்டாக வாசிப்பதற்கும் காரணம் உண்டு. ஆரம்ப நாளில் அவருடைய ஆம்ப் மோசம், கிட்டார் சத்தத்தில் கீழ் ஸ்வரம் கேட்காது. கேட்பதற்காக மேலே ஏறினார். கீழே இடம் காலியானது, அங்கே பின்னால் சின்த் பேஸ் வந்து உட்கார்ந்தது.

கொழும்புத்துறை | 13 மார்ச், இரவு 7.40

பண்பாட்டுத் தாக்கம் எண்டா வெள்ளைக்காரப் பெடியளோட நிண்டு போகக் கூடாது. ஆப்பிரிக்கா பம்பாட்டாவின்ர 'பிளானட் ராக்' (1982) ஜெர்மன் குழு கிராஃப்ட்வெர்க்கின்ர மெட்டையும் டிஆர்-808 டிரம் மெஷினையும் எடுத்துத்தான் எலெக்ட்ரோ எண்ட இசையைத் தொடக்கினது. டெட்ராய்டில எலெக்ட்ரிஃபையிங் மோஜோ ரேடியோவில கிராஃப்ட்வெர்க், பி-52ஸ், பிரின்ஸ் எல்லாம் ஒண்டாப் போட்டவர். அதைக் கேட்டு வளர்ந்த பெடியள்தான் டெக்னோ செய்தவை.

எம்.ஐ.ஏ. பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. எலாஸ்டிகாவின்ர ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிட்டயிருந்து இரவல் வாங்கின ரோலண்ட் எம்சி-505 பெட்டி ஒண்டிலதான் 'அருளர்' (2005) ஆல்பத்தின்ர அத்திவாரம். 'பேப்பர் பிளேன்ஸ்' முழுக்க ஓடுறது தி கிளாஷின்ர 1982 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' கிட்டார். குடியேறினவைக்கு இடமில்லை எண்டு பாடின பாட்டை, லண்டனில அகதியா வளர்ந்த ஈழத்துப் பெட்டை எடுத்துத் திருப்பிக் குடுத்தா. எனக்கு நியூ வேவின்ர தாக்கத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கேசட்_பி_பக்கம் | 14 மார்ச், காலை 6.58

முழு உடன்பாடு. இன்னும் ஒரு வரி: மேடையில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் மாற்றியது இந்த அலை. டாக்கிங் ஹெட்ஸில் டினா வெய்மத் பேஸ், நியூ ஆர்டரில் கில்பர்ட் சின்தும் சீக்வென்சரும், சூட் போட்ட ஆனி லெனாக்ஸ். லெனாக்ஸ் பாடிய 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' (1983) பதிந்தது 8 டிராக் டேப்பில், பெரிய ஸ்டூடியோவில் இல்லை.

சுழல்தட்டு | 14 மார்ச், இரவு 9.20

1986-இல் 'புன்னகை மன்னன்' கணிப்பொறி இசை என்று விளம்பரமாகி வந்ததே, அதை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

பதினாறாம்நோட்டு | 14 மார்ச், இரவு 11.30

மெஷின் வந்து சேர்ந்தது என்ற அளவில் சேர்க்கலாம். இயக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். இளையராஜாவுக்குச் சீக்வென்சர் இன்னொரு வாத்தியம், ஏற்கெனவே முழுதாக இருந்த ஆர்கெஸ்ட்ரேஷனுக்குள் வந்தது. ஷெஃபீல்டில் மெஷினைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை. அந்த வித்தியாசம் ஒலியிலேயே கேட்கும்.

மோனோ | 17 மார்ச், மாலை 4.05

ரிவர்ப்பை எடுத்துவிட்டேன், மியூ லா போட்டேன், டிரம்ஸ் சரியாகிவிட்டது. இப்போது சின்த் பேடில் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கோரஸ் (ஒலியை இரட்டித்து அசைக்கும் எஃபெக்ட்) போட்டால் ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் பேடே காணாமல் போகிறது.

பதினாறாம்நோட்டு | 17 மார்ச், இரவு 10.48

ரோலண்ட் ஜூனோ சின்தசைசர் வகைக் கோரஸில் இடது வலது இரண்டிலும் தாமதம் எதிரெதிராக அசையும். மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று அரித்துத் தின்னும். கோரஸ் போடாத பேடை நடுவில் மோனோவாக வையுங்கள். கோரஸ் போட்ட பிரதியை அதைவிட 6 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் விரியுங்கள். கோரஸ் பிரதியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், வேகம் 0.5 ஹெர்ட்ஸ் போதும். மொத்தக் கலவையையும் மோனோ பட்டனை அழுத்தியபடியே முடியுங்கள், ஸ்டீரியோவைக் கடைசியில் திறந்து பார்த்தால் போதும்.